கேட்கப்படாத வினா: போதைப் பாவனையும் முதனிலை வைத்தியரும்

இலங்கையின் எந்தப் பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும் காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நெஞ்செரிவு என்று சொல்லிக்கொண்டு வருகிறார். சென்ற மாதம் அவர் வந்தது நித்திரை வரவில்லை என்பதற்காக. அதற்கு முந்திய மாதம் வந்தது சைக்கிளிலிருந்து விழுந்த காயத்துக்கு மருந்து கட்டுவதற்காக. குருதியமுக்கம் உயர்ந்திருக்கிறது, நீட்டிய கை சற்றே நடுங்குகிறது. வைத்தியர் துண்டில் வில்லைகளை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைக்கிறார். மனைவிக்கும் அயலவருக்கும் தவறணைக்காரருக்கும் தெரிந்த காரணம் வைத்தியர் ஒருவருக்கு மட்டும் தெரியாமற் போகிறது. அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர் முறையாகப் பயிற்றப்படவுமில்லை.

இதே மனிதரிடம் அவ்வினா என்றோ ஒருநாள் கேட்கப்படத்தான் போகிறது. ஈரல் சிதைந்து, வயிறு வீங்கிப் போதனா வைத்தியசாலையின் விடுதியிற் கிடக்கும்போது கேட்கப்படும். அல்லது வீதியில் மறித்த பொலிசார் கேட்பர். அல்லது கூண்டில் நிற்கும்போது நீதவான் கேட்பார். நோயாளிக்கு மிக அண்மையில் இருப்பவர் கடைசியாகவும், மிகத் தொலைவில் இருப்பவர் முதலாவதாகவும் வினவுகின்ற இத்தலைகீழ் ஒழுங்கே போதைப் பாவனை தொடர்பில் இந்நாட்டின் அடிப்படைக் கோளாறாகும். புனர்வாழ்வு முகாம்களைப் பெருக்குவதாலோ தண்டனையைக் கூட்டுவதாலோ இக்கோளாறு நீங்காது. முதனிலைச் சிகிச்சை நிலையங்களிற் கடமையாற்றும் வைத்தியரும் தாதியரும் மதுசாரம் முதலாய போதைப் பாவனையை இனங்காணவும், அதற்குச் சிகிச்சை அளிக்கவும் பயிற்றப்படுவதே செய்யவேண்டிய முதற்பணியாகும். இதனை நிறுவுவதும், இதற்கு மாறாகக் கூறப்படும் வாதங்களின் வலுவைச் சோதிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் சென்ற வழி

போதைப் பாவனையை இந்நாட்டின் அரசு எக்கண்கொண்டு நோக்கி வந்துள்ளது என்பதனைச் சட்டங்களின் வரலாறே தெளிவாகக் காட்டும். நஞ்சு, அபினி, அபாயகர ஔடதங்கள் பற்றிய 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியின் ஆக்கம். ஹெரோயின் நாட்டினுட் பரவத் தொடங்கியதைத் தொடர்ந்து, 1984 இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அதே ஆண்டிலேயே, 2 கிராம் ஹெரோயினை உடைமையில் வைத்திருந்தாலும் மரண தண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்கக்கூடியவாறு பழைய கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது. 2022 இல் 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைனும் இத்தகைய கடுந்தண்டனைக்கு உட்படுத்தப்பட்டது. நாற்பதாண்டுக் காலம் தண்டனை ஏறிக்கொண்டே வந்தது. பாவனை குறைந்தது என்று எவரும் மார்தட்டிக் கூறுவதற்கில்லை.

சிகிச்சை என்னும் சொல்லும் இச்சட்டங்களில் இடம்பெறாமல் இல்லை. போதைப்பொருளிற் தங்கியிருப்போரின் சிகிச்சையும் புனர்வாழ்வும் பற்றிய 2007 ஆம் ஆண்டுச் சட்டம், அரச வைத்தியரின் பரிசோதனையைத் தொடர்ந்து ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதவானுக்கு வழங்குகின்றது. இங்கே ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடிய முடிவுக்கு வைத்தியரின் சொல் வேண்டப்படுகிறது. ஆனால் அதே மனிதர் தாமாகவே வைத்தியரிடம் வந்திருந்த நாளில் அவருக்கு உதவும் பயிற்சி அவ்வைத்தியருக்கு வேண்டப்படவில்லை. சான்றளிக்கத் தகுதியுடையவர் சிகிச்சையளிக்கத் தகுதியற்றவர் எனக் கொள்ளும் இவ்வேற்பாட்டை எவ்வாறு நியாயப்படுத்துவது?

கட்டாயச் சிகிச்சை என்பது நடைமுறையில் யாதாயிற்று என்பதற்குக் கந்தக்காடு சான்று. படையினரின் மேற்பார்வையில் இயங்கிய அந்நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினர். சிகிச்சை பெறுவோர் வைத்தியசாலையிலிருந்து கூட்டமாகத் தப்பியோடுவதில்லை. தப்பியோடுதல் நிகழ்வது சிறையிலிருந்தேயாம். இருந்தும், புனர்வாழ்வுப் பணியகத்துக்கான சட்டமூலம் கொணரப்பட்டது. உயர் நீதிமன்றம் அதில் அரசியலமைப்புக்கு முரணான குறைகளைக் கண்ட பின்னர், திருத்தங்களுடன் 2023 ஜனவரியில் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 'யுக்திய' என்னும் பெயரில் தொடங்கிய நடவடிக்கையிற் பல்லாயிரக்கணக்கானோர் கைதாயினர். அதனை இடைநிறுத்துமாறு ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் 2024 ஜனவரியிற் கோரினர். கைதானோரிற் பெருவாரியானோர் ஏழைகள் வாழும் தோட்டக் குடியிருப்புகளையும் நகரச் சேரிகளையும் சேர்ந்தவர்கள் என்பதற்குப் புள்ளிவிபரம் தேடவேண்டியதில்லை. தேடுதல் நடத்தப்பட்ட இடங்களே அதனைக் கூறும்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் இந்நாட்டுக்கு உண்டு. 1998 வரை தற்கொலை முயற்சி இலங்கையில் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. நஞ்சருந்தி உயிர் தப்பியவர் நோயாளியாக மட்டுமன்றிச் சந்தேகநபராகவும் விடுதியிற் கிடந்தார். அக்குற்றம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டமையால் தற்கொலை பெருகவில்லை. பூச்சிநாசினித் தடைகள் முதலியவற்றின் பயனாக வீதம் தொடர்ந்து வீழ்ந்தது. ஒரு துயரைப் பொலிசாரின் கையிலிருந்து வைத்தியரின் கைக்கு மாற்றுவது சமூகத்தைச் சீரழிக்கும் என்ற அச்சம் வெறும் அச்சமே என்பதை அது நிறுவிற்று.

வருமானமும் ஈரலும்

ஹெரோயினையும் 'ஐஸை'யும் வேட்டையாடும் அதே அரசு மதுசாரத்தை விற்று வாழ்கிறது. சாராயக் குத்தகை குடியேற்ற ஆட்சியாளரின் கருவூலத்தை நிரப்பிய வரலாறு பலரும் அறிந்தது. 1904 இலும், மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்த 1912 இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் வெறும் ஒழுக்கப் பிரசாரங்கள் அல்ல. குடிமக்களின் குடியால் வாழும் அரசினை எதிர்த்து எழுந்த அரசியற் குரல்களுமாகும். சுதந்திரத்துக்குப் பின்னரும் மதுவரி அரசிறையின் பெருந்தூண்களுள் ஒன்றாகவே நிலைத்தது. வரி திறைசேரிக்குச் செல்கிறது; சிதைந்த ஈரல் சுகாதார அமைச்சுக்கு வருகிறது. வரியிற் குறிப்பிட்ட பங்கு, ஈரல் சிதையுமுன் அதனைத் தடுக்கும் வைத்தியரின் பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது பிச்சை கேட்பதாகாது, கடன் கேட்பதாகும்.

சட்டத்துக்குட்பட்ட சாராயத்தின் விலை ஏறுமிடத்துக் கசிப்பை நோக்கி ஏழைகள் தள்ளப்படுகின்றனர் என்பதும் மறுக்கவியலாதது. கசிப்பு வேட்டையில் அகப்படும் பீப்பாக்களின் படம் நாளிதழ்களில் வெளிவரும். அப்பீப்பாவிலிருந்து குடித்தவர் மறுநாள் எங்கே சென்றார், அவரை யார் பரிசோதித்தார் என்பது வெளிவருவதில்லை.

முதனிலையில் இயலுவது என்ன?

முதனிலை வைத்தியர் இவ்விடயத்தில் என்ன செய்துவிட முடியும் என்று வினவுவோர் உளர். விடை ஐயத்துக்கிடமின்றி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியாற் பல நாடுகளிற் பரிசோதிக்கப்பட்டு உருவான 'ஓடிற்' என்னும் வினாக்கொத்து பத்தே வினாக்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 40. புள்ளி 8 ஐ எட்டுமிடத்துக் குடி உடல்நலத்துக்கு ஊறு செய்யும் நிலையில் இருக்கலாம் என்று கொள்ளப்படும். 20 ஐ எட்டுமிடத்துத் தங்கியிருத்தல் பற்றி ஆழ்ந்து பரிசோதிக்க வேண்டும். முதல் மூன்று வினாக்களை மட்டும் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. குருதியமுக்கக் கருவியைக் கையிற் கட்டுவதற்கு எடுக்கும் நேரமே அதற்குப் போதும்.

கேட்டபின் என்ன? 1977 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் மனங்கொள்ளத்தக்கது. இலண்டனில் கிறிபித் எட்வேட்ஸ் தலைமையிலான குழுவினர், குடியிற் தங்கியிருந்த மணமான ஆடவர் 100 பேரை இரு பகுதியினராக்கினர். ஒரு பகுதியினருக்கு அக்கால நிபுணத்துவச் சிகிச்சை முழுமையும் கிடைத்தது. மறுபகுதியினருக்கு, மனைவியும் உடனிருக்க, தெளிவான அறிவுரை ஒருமுறை வழங்கப்பட்டது. ஓராண்டின் பின் இரு பகுதியினருக்குமிடையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நிபுணத்துவ நிலையங்களின் சுவர்களுக்குள்ளேதான் மீட்சி உண்டென்ற நம்பிக்கை அன்றே ஆட்டங் கண்டது.

இனி, சிகிச்சையின் மற்றொரு பக்கம் அறிவுரையாற் தீராதது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்த நேரிடுமிடத்து உடல் நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம், பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் அறிவு மயங்கி, இல்லாத பூச்சிகளைச் சுவரிற் காணும் சன்னி தோன்றலாம். கால் முறிந்து விடுதியில் அனுமதிக்கப்பட்டவர் மூன்றாம் நாள் இவ்வாறு பிதற்றுமிடத்து, 'பேய் பிடித்தது' என்று உறவினரும், 'குழப்படி செய்கிறார்' என்று விடுதியினரும் கொள்வதற்கு இடமுண்டு. கட்டிலோடு கட்டப்படுவதற்கும் இடமுண்டு. சிகிச்சையின்றேல் இந்நிலை உயிரைக் குடிக்கும். ஆனால் அனுமதிக்கப்பட்ட நாளிலேயே 'கடைசியாகக் குடித்தது எப்போது?' என்று ஒருவர் கேட்டிருப்பின், டயசிபாம் போன்ற பழைய, மலிவான மருந்துகளாலும் தயமின் என்னும் உயிர்ச்சத்தாலும் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். இங்கே பயிற்சி என்பது அறிவு விருத்தி அன்று; உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்டதாகும்.

ஹெரோயினைப் பொறுத்தவரையும் வழி உண்டு. மெதடோனும் புப்ரினோர்பினும் 2005 இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. பிரான்ஸ் நாடு 1996 முதல் எந்தப் பொது வைத்தியரும் புப்ரினோர்பினை எழுதலாம் என்று வழிவிட்டது. 1995 க்கும் 1999 க்கும் இடையில் அந்நாட்டில் மிகையளவால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 79 சதவீதம் வீழ்ந்தன. தூய ஊசிகளை எளிதிற் பெற வழிசெய்தமை முதலிய வேறு காரணங்களும் இதற்கு உண்டு. மருந்து கள்ளச் சந்தைக்குக் கசிந்ததும் உண்மையே. எனினும், தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்கள் குடும்ப வைத்தியரின் அறைக்குள் வந்தமையே அம்மாற்றத்தின் மையம் என்பதை மறுத்தல் அரிது.

ஐக்கிய அமெரிக்காவின் பாடம் எதிர்த்திசையிலானது. அங்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டம் புப்ரினோர்பினை எழுத விரும்பும் வைத்தியர் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் பெறவேண்டும் என்றது. பயிற்சி திறவுகோலாக இருப்பதற்குப் பதிலாகப் பூட்டாயிற்று. பெரும்பாலான வைத்தியர் விலகி நின்றனர். மரணங்கள் மலைபோற் குவிந்தபின், 2022 டிசம்பரில் அவ்வனுமதி முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு மாறாக, கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதும் எல்லோரும் போதைப் பாவனைச் சிகிச்சையில் 8 மணிநேரப் பயிற்சி பெறவேண்டும் என்ற விதி 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. விரும்பிய சிலருக்கான விசேட கல்வி என்ற நிலையிலிருந்து, எல்லோருக்குமான பொதுக் கல்வி என்ற நிலைக்கு வந்து சேர அந்நாட்டுக்கு இருபதாண்டுகளுக்கு மேற் சென்றன. பிறர் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை இலவசமாகக் கற்கும் வாய்ப்பு இலங்கைக்கு இருக்கிறது.

எதிர்வாதங்கள்

முதலாவது வாதம் நேரமின்மை. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது வினாக்கொத்து வாசிப்பதெங்ஙனம் என்பர். வரிசை நீள்வது ஏன் என்று இவர்கள் சிந்திப்பதில்லை. நெஞ்செரிவுக்கும் நித்திரையின்மைக்கும் காயத்துக்கும் ஒரே மனிதர் மூன்று மாதங்களில் மூன்று தடவை வருகிறார். காரணம் தீண்டப்படாமல் இருக்கும்வரை நான்காம் தடவையும் வருவார். மேலும், வினாவை வைத்தியரே கேட்கவேண்டும் என்பதில்லை. 2011 முதல் அமைக்கப்பட்டு வரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நிறையும் உயரமும் குருதியமுக்கமும் குருதிச் சீனியும் அளக்கப்படுகின்றன. அங்கேயே தாதியொருவர் மூன்று வினாக்களைக் கேட்டுப் புள்ளியைக் குறித்தனுப்பலாம்.

இரண்டாவது வாதம், இது மனநல நிபுணரின் துறை என்பது. இந்நாட்டின் மலேரியா ஒழிப்பு வரலாறே இதற்குத் தக்க மறுமொழி. 1934 – 35 இல் ஆயிரமாயிரம் உயிர்களைக் காவுகொண்ட அந்நோய், 2012 க்குப் பின் உள்நாட்டில் நிலைகொண்டு பரவவில்லை. 2016 இல் இலங்கை மலேரியாவற்ற நாடெனச் சான்றுபெற்றது. அவ்வெற்றியின் ஒரு தூண், காய்ச்சலென்று வந்தவரின் விரலிற் குத்திக் குருதிப் பூச்செடுத்த, பெயர் அறியப்படாத சுகாதார ஊழியர்கள். ஒவ்வொரு காய்ச்சல்காரரும் ஒட்டுண்ணியியல் நிபுணரைக் காணவேண்டும் என்று காத்திருந்திருப்பின் மலேரியா இன்றும் இருந்திருக்கும். நிபுணர் கடினமானோருக்குத் தேவை. பெரும்பாலானோருக்கு வேண்டப்படுவது ஊரிலுள்ள வைத்தியரே.

மூன்றாவது வாதம் ஆய்வாளரிடமிருந்து வருவது, ஆகவே கவனத்துக்குரியது. முதனிலைச் சிகிச்சையில் வழங்கப்படும் சுருக்க அறிவுரை பற்றி 69 ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பீடு, ஓராண்டின் பின் வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் மதுசாரமே குறைகிறது எனக் கண்டது. இங்கிலாந்தில் 2013 இல் வெளியான ஆய்வொன்று, புள்ளியைத் தெரிவித்துத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதைவிட அறிவுரை மேலதிகப் பயன் தரவில்லை என்றது. ஹெரோயின், கஞ்சா முதலியவற்றைப் பாவிப்போருக்குச் சுருக்க அறிவுரையாற் பயனில்லை என்று பொஸ்டன் நகரில் நிகழ்ந்து 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இவை கூறுவது யாது? இங்கிலாந்தின் ஆய்வில் எவரும் கேட்கப்படாமல் விடப்படவில்லை. எல்லாப் பகுதியினரிடமும் வினா கேட்கப்பட்டு விடை அறிவிக்கப்பட்டது. ஆகவே அது மௌனத்துக்குச் சாட்சியாகாது. பொஸ்டன் ஆய்வோ, கேட்பதோடும் அறிவுரையோடும் நின்றுவிடுவது போதாது என்கிறது. அதாவது, இனங்காணும் பயிற்சியோடு சிகிச்சையளிக்கும் பயிற்சியும் வழங்கப்படவேண்டும் என்பதற்கே அது வலுச்சேர்க்கின்றது. கேட்டுவிட்டுக் கைவிடுதல் கேளாமையினும் கொடிது. 'ஐஸ்' பாவனைக்கு நிறுவப்பெற்ற மருந்து எதுவும் இன்றுவரை இல்லை என்பதையும் பயிற்சி மறைக்கலாகாது. அங்கே வைத்தியர் வழங்கக்கூடியது தொடர்ந்த தொடர்பும், உளவளச் சிகிச்சைக்கான வழிகாட்டலும், உடற் பாதிப்புகளுக்கான பராமரிப்புமாகும்.

நான்காவது வாதம் பல்கலைக்கழக மண்டபங்களில் அதிகம் கேட்பது. குடிக்குக் காரணம் வறுமையும் சுரண்டலும். லயன் அறைகளையும் நாட்கூலியையும் அப்படியே வைத்துக்கொண்டு தொழிலாளியின் குடியை மட்டும் வைத்தியம் செய்வது அமைப்பின் குற்றத்தைத் தனிமனிதன் தலையில் ஏற்றுவதாகும் என்பது அவ்வாதம். இதன் முதற்பாதி உண்மை. தோட்டத்தொழிலாளியின் குடியை அவரது வாழ்நிலையிலிருந்து பிரித்து நோக்குதல் அறிவீனம். ஆனால் பிற்பாதி முதற்பாதியிலிருந்து பிறப்பதன்று. காசநோயும் வறுமையின் பிள்ளையே. நல்ல வீடும் உணவும் அதனைக் குறைத்தன என்பதும் வரலாறு. அதற்காக, வர்க்கமற்ற சமுதாயம் மலரும்வரை காசநோயாளிக்கு மருந்து கொடுக்கலாகாது என்று எந்த முற்போக்காளரும் கூறியதில்லை. குடித்தவரின் ஈரலும், அடிபட்ட மனைவியின் உடலும், கூலி வராத வாரத்திற் பட்டினி கிடக்கும் பிள்ளையும் வரலாற்று மாற்றத்துக்காகக் காத்திருப்பதில்லை. தவிரவும், இவ்வாதத்தைக் கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர்: வசதி படைத்தவரின் குடிக்குத் தனியார் வைத்தியமனையில் இரகசியமாகச் சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சை மறுக்கப்படுவது ஏழைக்கு மட்டுமே. அமைப்பின் பெயரால் அம்மறுப்பை ஆதரிப்பது அமைப்புக்கே துணைபோவதாகும்.

இறுதி வாதம் ஒழுக்கவாதம். குடி நோயன்று, குணக்கேடு. மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாம் என்பர். குணக்கேடு என்றே வைத்துக்கொள்வோருக்கும் ஒரு வினா உண்டு: அவமானப்படுத்தியதால் குடியை விட்டவர் எத்தனை பேர்? நீரிழிவுக்காரர் இனிப்புண்டு வந்தாலும் மருந்து கொடுக்கப்படுகிறது, ஏச்சோடாயினும் கொடுக்கப்படுகிறது. குடித்தவருக்கு ஏச்சு மட்டும் கிடைக்கிறது.

மொழியென்னும் கருவி

பயிற்சியின் உள்ளடக்கம் பற்றிய பேச்சு மருத்துவ பீடத்துக்கு மட்டும் உரியதன்று. வினாவொன்றைக் கேட்பதற்கு மொழி வேண்டும். 'ஓடிற்' வினாக்கொத்து மதுசாரத்தை 'அலகு' எனக் கணக்கிடுகின்றது. ஓர் அலகு 10 கிராம் தூய மதுசாரம். தமிழ்பேசும் எவரும் அலகுக் கணக்கிற் குடிப்பதில்லை. கால் போத்தல், அரைப் போத்தல், ஒரு போத்தல் கள்ளு என்றே அளவு கூறுவர். 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தற் சாராயம், நூற்றுக்கு 33.5 பங்கு மதுசாரம் எனக் கொள்ளுமிடத்து, ஏறத்தாழ 48 கிராம். அதாவது ஐந்து அலகுக்குச் சற்றுக் குறைவு. அரைப் போத்தல் ஏறத்தாழப் பத்து அலகு. 'ஒரு தடவையில் ஆறு அலகோ அதற்கு மேலோ குடிப்பதுண்டா?' என்று கேட்டால் நோயாளி விழிப்பார். 'காலுக்கு மேற் போவதுண்டா?' என்று கேட்டால் விடை வரும். கசிப்புக்கோ நிலையான அளவே இல்லை. அங்கே எத்தனை நாள், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்பதே பொருத்தம்.

வினாவின் தொனியும் அவ்வாறே. மனைவி அருகில் நிற்க, 'குடிக்கிறனீரோ?' என்று வைத்தியர் அதட்டிக் கேட்டால் 'இல்லை ஐயா' என்பதே விடையாகும். தனியே அழைத்து, 'கடைசியாக எப்ப குடிச்சனீங்கள்?' என்று இயல்பாகக் கேட்டால் உண்மை வெளிப்படும். யாழ்ப்பாணத்து வழக்கு மலையகத்துக்கு ஒவ்வாது. மலையகத்தது மட்டக்களப்புக்கு ஒவ்வாது. தமிழ் அறியாத வைத்தியர் தமிழ் நோயாளியிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம், அதுவும் பல வேளைகளிற் சிற்றூழியர் ஒருவர் மூலம், இவ்வினாவைக் கேட்கும்போது இரகசியம் என்பது பெயரளவிலும் இராது. 'குடிகாரன்', 'தூள்காரன்', 'போதைக்கு அடிமை' என்னும் சொற்கள் நோயாளியை வாசலிலேயே திருப்பியனுப்புவன. கலைப்பீடத்தினர், குறிப்பாகத் தமிழ், சமூகவியல், மொழியியல் துறையினர், ஒவ்வொரு பிரதேசத்தின் வழக்கிலும் இவ்வினாக்களை ஆக்கி, மக்களிடையே பரிசோதித்துக் கொடுத்தல் தம் கல்விக்கு அப்பாற்பட்ட பணியன்று. பேச்சுவழக்கு ஆய்வு என்பது ஆய்வேட்டுக்குள் முடங்கவேண்டியதில்லை.

செய்யத்தக்கன

கோரிக்கைகள் எளியன, ஆனால் தவிர்க்கவியலாதன. மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் குடியால் வரும் ஈரல் நோயை இனங்காணக் கற்பது போலவே, குடியைப் பற்றி வினவும் முறையையும் நோயாளியின் முன் செய்துகாட்டிப் பரீட்சையிற் தேறவேண்டும். சேவையிலுள்ள முதனிலை வைத்தியருக்கும் தாதியருக்கும் ஒருநாட் கருத்தரங்கு போதாது. மாவட்ட மனநல வைத்தியர் மாதந்தோறும் வந்து அவர்களின் நோயாளிகளைப் பற்றியே உரையாடும் தொடர்பயிற்சி வேண்டும். குடிநிறுத்தத்தைக் கையாளும் மருந்துகளும் தயமினும் பிரதேச வைத்தியசாலைகளிற் குறைவின்றி இருக்கவேண்டும். குடிக்கான மருந்துகளான அகம்புரோசேற்றும் நல்ற்றெக்சோனும் 2023 இல் உலக அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்க்கப்பட்டமையால், அவற்றை நிபுணரின் அலுமாரிக்குள் மட்டும் வைத்திருக்க இனி நியாயமில்லை. அனைத்துக்கும் மேலாக, நோயாளி வைத்தியரிடம் கூறியது எக்காரணங்கொண்டும் பொலிசாரிடம் செல்லலாகாது என்ற உறுதி சட்டத்தாலும் நடைமுறையாலும் வழங்கப்படவேண்டும். அவ்வுறுதி இல்லையேல் மேற்கூறியன யாவும் பயனற்றுப்போம். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடியவரிடம் எவரும் உண்மை பேசார்.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, வீட்டு வாசல்வரை செல்லும் சுகாதார சேவையொன்றை இந்நாடு கட்டியெழுப்பியுள்ளது. குடும்பநல உத்தியோகத்தர் எந்த வீட்டிற் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை அறிவார். எந்த வீட்டிற் தந்தை குடித்துவிட்டு அடிக்கிறார் என்பதையும் அவர் அறிவார். ஆனால் அதனை அறிவித்தால் ஏற்றுச் சிகிச்சையளிக்கப் பயிற்றப்பட்ட வைத்தியர் இல்லை. கட்டமைப்பு இருக்கிறது, இல்லாதது பயிற்சியும், அதனை வழங்கும் விருப்பும்.

வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் அம்மனிதர் அடுத்த மாதமும் வந்து நிற்பார். அவரிடம் முதலிற் பேசப்போவது வைத்தியரா, பொலிஸ்காரரா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பவை மருத்துவ பீடங்களின் பாடவிதானமும் சுகாதார அமைச்சின் வரவுசெலவுத் திட்டமுமேயாம். அவ்விரண்டும் மாறாதிருக்கும்வரை, போதையை ஒழிப்போம் என்று மேடைகளில் எழும் முழக்கங்களுக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.